மெயின் கூனுக்கு ஃபர்மினேட்டர்: முதுகுக்கு மட்டும்

உதிர்ந்த முடியை இழுத்தெடுக்கும் பல் தகட்டுக் கருவியான ஃபர்மினேட்டரில் பூனைகளுக்கென்று வரும் வகைகளை இரண்டு அளவுகள் பிரிக்கின்றன. எடை 10 பவுண்டைத் தாண்டினால், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்கு மேல் என்றால், பெரிய பூனைக்கான அகலத் தகடு. முடி 5 செ.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் நீள முடி வகை. மெயின் கூன் என்ற நீள முடிப் பூனை இனத்தில் வளர்ந்த கடுவன் சாதாரணமாக 6 முதல் 8 கிலோ வரும். அதனால் பெரிய பூனை, நீள முடி வகையைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கருவி நல்லது, ஆனால் மெயின் கூனுக்கு இது இரண்டாவதாக வாங்க வேண்டியது. முதலில் வாங்க வேண்டியது, ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லும் கொண்ட, 19 செ.மீ. அளவிலான சாதாரண எஃகுச் சீப்பு. இதன் விலையில் சிறு பங்குதான் அது. வாரம் முழுவதும் நடக்கிற வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்யும்.

காரணம் இந்த இனத்தின் முடியில் இருக்கிறது. மெயின், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் குளிர்ப் பிரதேசம். அந்த மாநிலம் 1985இல் இதைத் தன் அதிகாரபூர்வப் பூனையாக்கியது. பனியில் நடக்கிற பூனைக்கு எங்கே காப்பு தேவையோ அங்கேதான் முடி நீண்டிருக்கிறது. தோளில் குட்டை, முதுகிலும் விலாவிலும் நடுத்தரம், வயிற்றிலும் பின்தொடையிலும் நீளம், கழுத்தைச் சுற்றிப் பிடரி, வாலில் எல்லாவற்றையும்விட நீளம். மேலே எண்ணெய்ப் பசையுள்ள, தண்ணீர் ஒட்டாத மேல்முடி. அதற்கு அடியில் பஞ்சு மாதிரியான அடிமுடி. பாரசீகப் பூனையின் அடிமுடி இதைவிட அடர்த்தி, தினமும் சீவ வேண்டும். மெயின் கூனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போதும். ஆனால் உடம்பு முழுக்க ஒரே கருவியை ஓட்ட முடியாது.

ஃபர்மினேட்டரின் தகட்டில் மிக நெருக்கமான குட்டைப் பற்கள் இருக்கின்றன. லேசாக இழுத்தால் மேல்முடி பற்களில் வழுக்கிப் போகும். உதிர்ந்தும் உள்ளேயே நிற்கிற அடிமுடி மாட்டிக்கொண்டு வெளியே வரும். கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் சேர்ந்த முடி கொத்தாக விழுந்துவிடும். இந்த வசதி உண்மையிலேயே அருமை, ஒரு கையால் பூனையைப் பிடித்துக்கொண்டே வேலை செய்யலாம். முதுகு, விலா இரண்டிலும் சீப்பு பல தடவையில் எடுப்பதை இது சில இழுப்பில் எடுத்துவிடுகிறது. முடி உதிரும் காலத்தில் பூனை நக்கி விழுங்கும் முடி குறையும், முடி உருண்டையை வாந்தியெடுப்பதும் குறையும்.

கெடுவது கை அழுத்தத்தில். பல் தோலை நோக்கி அழுந்தினால் மேல்முடியும் வழுக்காமல் மாட்டும், நடுவில் ஒடியும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் தோல் சிவந்து எரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வெளியே வரும் முடியைப் பார்ப்பது. வெளிறிய, சுருண்ட, பஞ்சு போன்ற முடி மட்டும் வருகிறதா, தொடரலாம். நேரான, தடித்த, நுனி வரை நிறம் ஏறிய முடி கலந்து வந்தால் அந்த இடத்தில் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும். ஒடிந்த மேல்முடி பழையபடி வளர மாதக்கணக்கில் ஆகும். வாலில் ஒடிந்தால் ஓராண்டுகூட ஆகலாம்.

நிறுவனத்தின் அறிவுரை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, 10 முதல் 20 நிமிடம். மெயின் கூனுக்கு இது அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உதிரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து முதல் ஏழு நிமிடம், முதுகும் இரு விலாவும் மட்டும். உதிர்வை முக்கியமாக நடத்துவது பகல் வெளிச்சத்தின் நீளம். நாள் முழுக்க வீட்டுக்குள், இரவில் மின்விளக்கில் வாழும் பூனைக்கு உதிர்காலம் தெளிவாகத் தெரியாது, ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். அப்படிப்பட்ட வீட்டில் சீப்பில் அடிமுடி கொத்தாக வரத் தொடங்கிய பிறகு இதை எடுத்தால் போதும்.

பிடரி, வயிறு, அக்குள், தொடையின் உட்புறம், வால் இவற்றில் வேண்டவே வேண்டாம். பிடரியும் வாலும் மேல்முடியின் அழகால் நிற்பவை. வயிற்றிலும் அக்குளிலும் தோல் மெல்லியது, மடிப்புள்ளது. கருத்தடை செய்யாத கடுவனின் வால் அடியில் எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும், அங்கேயும் பல் அடைத்துக்கொண்டு தோலை உரசும். ஈரமான முடியிலும் சிக்கு விழுந்த இடத்திலும் ஓட்டக் கூடாது. சிக்கின் மேல் இந்தத் தகட்டை இழுப்பது தோலையே இழுப்பதுதான்.

சிக்கு விழுவதோ இந்தத் தகடு போகக் கூடாத இடங்களில்தான்: அக்குள், காதின் பின்புறம், வயிறு, பின்தொடை, கழுத்துப்பட்டை உரசும் வளையம். உதிர்ந்த அடிமுடி மேல்முடிக்குள் மாட்டி, உரசலில் இறுகி, ஈரம் பட்டதும் கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டினால் நிலைமை மோசமாகிறது. இங்கே வேலை செய்வது எஃகுச் சீப்பு. மேலாகச் சீவினால் வெளியே பளபளப்பு, உள்ளே தோலை ஒட்டிப் பாய் பின்னியிருக்கும். ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, விரல் அகல முடியை மட்டும் கீழே விட்டு, முதலில் நுனியையும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடியையும் சீவ வேண்டும். அகலப் பல் தடையின்றி ஓடிய பிறகு நெருக்கப் பல். தோலிலிருந்து நுனி வரை தடங்கலில்லாமல் போனால்தான் அந்த இடம் முடிந்தது.

சிறு சிக்கென்றால் அதன் அடியை இரு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. சிட்டிகை சோள மாவைத் தூவித் தேய்த்து, சீப்பின் கடைசிப் பல்லால் ஓரத்திலிருந்து பிரிக்கலாம். நாணயத்தைவிடப் பெரிதாக, தோலோடு ஒட்டியிருந்தால் கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. சிக்கை மேலே இழுத்ததும் பூனையின் மெல்லிய தோலும் கூடாரம் போல எழும்பி வந்துவிடும். வெட்டுவது முடியா தோலா என்று தெரியாது. அதற்கு 10ஆம் எண் பிளேடு போட்ட, முடி மழிக்கும் கிளிப்பர் வேண்டும், பழகிய கை வேண்டும். உடம்பெங்கும் பாயாகியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் மயக்கம் கொடுத்து எடுப்பதுதான் பூனைக்கு இரக்கம். இதுவரை ஒழுங்காக இருந்த வயதான பூனைக்கு முதுகின் பின்பகுதியில் திடீரென்று சிக்கு விழுந்தால், கருவியைக் குறை சொல்லும் முன் மூட்டுவலி, பல்வலி, உடல்பருமன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தன்னையே திரும்பி நக்க முடியாத பூனைக்குத்தான் அங்கே சிக்கு சேரும்.

பிடிக்கும் முறையும் சொல்ல வேண்டும். ஏழு கிலோ பூனையைக் குழந்தை மாதிரி மல்லாத்தி மடியில் போட்டு வயிற்றைச் சீவப் பார்க்க வேண்டாம். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் குறைபாடு அதிகம், பின்காலை அகட்டி இழுப்பது வலிக்கும். வழுக்காத விரிப்பில் நிற்க விட்டு, மார்புக்கு அடியில் கை கொடுத்து முன்பக்கத்தைச் சற்றே தூக்கினால் அக்குளும் வயிறும் எட்டும். வால் நுனி அடித்துக்கொண்டாலோ, முதுகுத் தோல் துடித்தாலோ, காது பின்னால் சாய்ந்தாலோ அன்றைக்குப் போதும்.

வாங்கும்போது போலிகளைக் கவனியுங்கள், இந்தப் பெயரில் நிறைய உலவுகின்றன. புதுக் கருவியை முதலில் உங்கள் முன்கையின் உட்பக்கத்தில் அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தாலோ பிசிர் தட்டினாலோ அது பூனைக்கு ஆகாது. முனை மழுங்கினாலும் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டாம், கூரேறிய தகடு முடியை வெட்டும். வேலை முடிந்ததும் பல்லிடுக்கில் ஒட்டிய எண்ணெயையும் பொடுகையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி, துணியால் உலரத் துடைத்து, கூடவே வரும் மூடியை மாட்டி வையுங்கள்.