பழைய ஜிப்ஸியைத் தூக்க: நீள ஷாக்கிளா, கூடுதல் பட்டையா?

மாருதி ஜிப்ஸிக்கு நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங்தான் (வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு), அதனால் வண்டியின் உயரத்தைக் கம்மி செலவில் தூக்கலாம். நீள ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) மலிவு, ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் 2 அங்குலம் நீட்டினால் வண்டி எழும்புவது 1 அங்குலம்தான், பட்டையின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது. முன்பக்கம் போட்டால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறி ஸ்டீயரிங் அலையும். என் வண்டியில் அலைந்தது, 80-ஐத் தொட்டாலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

கூடுதல் பட்டை போட, பட்டை அடுக்கைப் பிரித்து, நடு போல்ட்டை நீளமானதாக மாற்றி, அடுக்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். காலி வண்டி குதிக்கும், சரி. ஆனால் தொய்ந்துபோன முப்பது வருடப் பட்டைக்கு இதுதான் மருந்து. சாமான் ஏற்றுகிறவர் யோசிக்காமல் இதையே போடலாம். எதைப் போட்டாலும், சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள்.