என்ஜிஸ்பைஸா, சைஸா? எட்டு கோரையும் வேலை வாங்குவது எது

மெஷினில் 8 கோர் இருந்தும் மின்னணு சர்க்யூட் சிமுலேஷன் ஓடும்போது ஒன்றுதான் முட்டி வேலை செய்கிறது என்றால், இலவசமாகக் கிடைக்கும் இரண்டு சிமுலேட்டர்களைப் பார்க்கலாம். ஒன்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டர் வழிவந்த என்ஜிஸ்பைஸ். மற்றது, அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் எழுதி 2013-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட சைஸ். சிப்பின் லேஅவுட் வரைந்து முடிந்து, பாராசிட்டிக் (கம்பிகளில் தானாக வரும் ரெசிஸ்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ்) எடுத்த நெட்லிஸ்ட்டுக்கு, அதாவது சர்க்யூட்டின் பாகங்களையும் இணைப்புகளையும் பட்டியலிடும் கோப்புக்கு, எங்கள் ஓட்டு சைஸுக்கே.

என்ஜிஸ்பைஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுவுவது சுலபம், கைகேட் என்ற சர்க்யூட் வரையும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது, நெட்லிஸ்ட்டில் கட்டளைகள் எழுதும் கன்ட்ரோல் பிளாக்கில் எதையும் எழுதி ஓட்டலாம். ஸ்பைஸ்இனிட் என்ற தொடக்க அமைப்புக் கோப்பில் த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பங்கு) எண்ணிக்கையைக் கொடுத்தால் ஓப்பன்எம்பி என்ற பகிர்வு முறை வழியாக வேலை பிரியும். ஆனால் பிரிவது மாடல் கணக்கு, அதாவது ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைக் கணக்கிடும் வேலை மட்டும். அதுவும் பிசிம்3, பிசிம்4 போன்ற சில டிரான்சிஸ்டர் மாடல்களுக்குத்தான். மேட்ரிக்ஸைத் தீர்க்கும் வேலை, அதாவது முழு சர்க்யூட்டின் சமன்பாடுகளுக்கு விடை காண்பது, ஒற்றைக் கோரிலேயே நடக்கும். புதிய பதிப்புகளில் மேட்ரிக்ஸை நேரடியாகத் தீர்க்கும் கேஎல்யூ தீர்வியைப் போட்டால் அந்த ஒற்றைக் கோர் வேகமாக ஓடும், அவ்வளவே.

முடிவு செய்வது இந்த ஒரு இடம்தான், கணக்குப் போட்டே பார்க்கலாம். மொத்த நேரம் 100 வினாடி, அதில் மாடல் கணக்கு 70 என்று வையுங்கள். 8 த்ரெட்டில் அந்த 70 ஏறக்குறைய 9 ஆகும். மொத்தம் 39, அதாவது இரண்டரை மடங்கு லாபம். பாராசிட்டிக் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் நிரம்பிய நெட்லிஸ்ட்டில் மாடல் கணக்கு 20 தான் என்றால்? 80 அப்படியே நிற்கும், மொத்தம் 82.5. எட்டு கோரும் வேலை செய்த மாதிரியே தெரியாது. உங்கள் சர்க்யூட் எந்த ரகம் என்பதை என்ஜிஸ்பைஸில் ‘ஆர்யூசேஜ் ஆல்’ அடித்தாலே பார்க்கலாம். லோட் நேரமும் (மாடல் கணக்கு) ஃபேக்டர், சால்வ் நேரங்களும் (மேட்ரிக்ஸ்) தனித்தனியாக வரும்.

சைஸ் எம்பிஐ மேல் ஓடுகிறது; தனித்தனி பிராசஸ்கள் செய்தி பரிமாறிக்கொண்டு சேர்ந்து வேலை செய்யும் முறை அது. மாடல் எதுவானாலும், வெறும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் உட்பட, எல்லா டிவைஸையும் பிராசஸ்களுக்குப் பங்கிடும். மேட்ரிக்ஸுக்கு இரண்டு வழி உண்டு: ஒரே இடத்தில் கேஎல்யூ, அல்லது பிராசஸ்கள் சேர்ந்து, திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விடையை நெருங்கும் இட்டரேடிவ் தீர்வி. சில ஆயிரம் நோடு (பாகங்கள் சந்திக்கும் இணைப்புப் புள்ளி) வரை கேஎல்யூவே போதும். பல பத்தாயிரம் தாண்டும்போது இட்டரேடிவ் முறைக்குப் போகலாம். எல்லை எங்கே என்பது சர்க்யூட்டுக்கு சர்க்யூட் மாறும், இரண்டையும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். இட்டரேடிவில் டைம்ஸ்டெப் (சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) சுருங்கிக்கொண்டே போய் ஓட்டம் நின்றால், உடனே மாடலைத் திட்டாதீர்கள். தீர்வியைத் தேர்ந்தெடுக்கும் லின்சால் ஆப்ஷனில் டைப்பை கேஎல்யூ ஆக்கி ஓட்டுங்கள். அப்போது ஓடினால் சிக்கல் தீர்வியில். அப்போதும் நின்றால் நெட்லிஸ்ட்டிலோ மாடலிலோ தேடுங்கள்.

சைஸில் தொல்லையும் உண்டு. மூலத்திலிருந்து கட்டுவதென்றால் முதலில் அது நம்பியிருக்கும் ட்ரிலினோஸ் என்ற கணித நூலகத் தொகுப்பைக் கட்ட வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். எம்பிஐ இல்லாத சீரியல் பதிப்பு என்பதை மறந்து, அதை எம்பிஐரன் கட்டளையில் 4 பிராசஸ் கொடுத்து ஓட்டினால் ஒரே சிமுலேஷன் நான்கு பிரதியாக ஓடும், ஒவ்வொரு செய்தியும் நான்கு முறை திரையில் வரும், நான்கும் ஒரே பிஆர்என் (முடிவுகள்) கோப்பின் மேல் எழுதும். வேகம் கூடாதது மட்டுமில்லை, குறைந்தும் போகும். ‘கேப்பபிலிட்டீஸ்’ கொடியோடு ஒருமுறை ஓட்டினால் அது எம்பிஐ பதிப்பா என்று சொல்லிவிடும். கன்ட்ரோல் பிளாக் சைஸில் கிடையாது. ‘ஜிஎன்டி’ என்ற நோடை அது தானாக 0, அதாவது கிரவுண்ட், என்று எடுத்துக்கொள்ளாது. நெட்லிஸ்ட்டில் ‘ப்ரீப்ராசஸ் ரிப்ளேஸ்கிரவுண்ட் ட்ரூ’ என்ற வரி தேவை. அந்த வரியை விட்டால் கிரவுண்ட் மிதக்கும்.

பாகங்களின் மதிப்பைத் தற்செயலாக மாற்றி மாற்றி ஓட்டும் மான்டே கார்லோ 200 ஓட்டம் என்றால் சைஸ் வேண்டாம். என்ஜிஸ்பைஸில் த்ரெட்டை 1 ஆக்கிவிட்டு, ஒரே நேரத்தில் எட்டெட்டாக விடுங்கள். த்ரெட்டைக் குறைக்க மறந்தால் எட்டு வேலையும் தலா பல த்ரெட் கேட்டு ஒன்றையொன்று இடிக்கும்.