2ஜே.இசட். இன்ஜினுக்கு ஈ.எஃப்.ஆர். 8374: லேக் குறைகிறதா, காசு மட்டும் கரைகிறதா?

டொயோட்டா சூப்ரா ஜே.இசட்.ஏ.80-யின் 2ஜே.இசட்.-ஜி.டி.இ. இன்ஜினில் கம்பெனி கொடுத்த இரட்டை டர்போவைக் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போ மாட்டினால், முதலில் காணாமல் போவது கீழ் ஆர்.பி.எம். இழுவை. பழைய அமைப்பில் 4,000 ஆர்.பி.எம். வரை ஒரு சின்ன டர்போதான் பூஸ்ட் (அழுத்திய காற்று) கொடுக்கும், இரண்டாவது அதற்கு மேல்தான் முழுதாகச் சேரும். அந்த வசதியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு 700 ஹெச்.பி. கேட்டால் லேக் (அழுத்தியதும் பூஸ்ட் வரத் தாமதிப்பது) வராமல் எப்படி இருக்கும்? போர்க்வார்னரின் ஈ.எஃப்.ஆர். 8374 இந்த இழப்பில் பெரும்பகுதியை மீட்டுத் தருகிறது. ஆனால் மேனிஃபோல்டில் (எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு விலை குறைந்த டர்போவே போதும், வித்தியாசம் தெரியப்போவதில்லை.

அளவு பெயரிலேயே இருக்கிறது: காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் சக்கரம் 83 மி.மீ., எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்பைன் 74 மி.மீ. டர்பைன் சக்கரம் காமா டைட்டானியம் அலுமினைடில் செய்தது, வழக்கமான இன்கோனல் என்ற நிக்கல் கலவையின் அடர்த்தியில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். தண்டு செராமிக் பால் பேரிங்கில் ஓடுகிறது. வடிவமும் உலோகமும் ஒன்றாக இருந்தால், சக்கரத்தின் சுழல் நிலைமம் (வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். இதே வரிசையில் உள்ள 9180-யின் டர்பைன் 80 மி.மீ.; ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், கணக்குப் போட்டால் நிலைமம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. என்றைக்காவது 1,000 ஹெச்.பி. வேண்டியிருக்கும் என்று 9180 வாங்கி, வருஷம் முழுக்க 650-யில் ஓட்டுவது சுத்தமான அகலக்கால். 8374-க்கு 750 ஹெச்.பி. வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. 650 முதல் 700 வரை வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காது.

இரண்டு வேறு கோளாறுகளை லேக் என்று ஒரே பெயரில் திட்டுகிறோம். 2,500-இல் அழுத்தினால் பூஸ்ட் வராததற்குக் காரணம், டர்பைனைச் சுழற்ற அங்கே எக்ஸாஸ்ட் வாயு போதாது என்பதே. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. 5,000-இல் கியர் மாற்றி அழுத்திய பிறகு அரை நொடி யோசிக்கிறதே, அதுதான் உண்மையான லேக். லேசான சக்கரம் இரண்டாவதைப் பளிச்சென்று சரிசெய்யும். முதலாவதுக்கு ட்வின் ஸ்க்ரோல், அதாவது டர்பைனுக்கு இரண்டு தனித்தனி வாயுப் பாதை, வேண்டும்.

2ஜே.இசட்.-இன் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, அதாவது 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. ஆறு சிலிண்டரையும் ஒரே குழாயில் கூட்டினால், ஒரு சிலிண்டர் மூச்சை விட்டு முடிப்பதற்குள் அடுத்தது குறுக்கே ஊதிவிடும். 1, 2, 3 ஒரு ஸ்க்ரோலுக்கும் 4, 5, 6 இன்னொன்றுக்கும் போனால் இடைவெளி 240 டிகிரி ஆகிவிடும். ஒவ்வொரு துடிப்பும் தன் வேகம் குறையாமல் டர்பைனில் மோதும். இதற்கு 0.92 ஏ/ஆர் (வாயுப் பாதையின் அளவைக் குறிக்கும் விகிதம்), டி4 (ஃபிளாஞ்ச் எனும் இணைப்புத் தட்டின் அளவு) ட்வின் ஸ்க்ரோல், உள் வேஸ்ட்கேட் (அதிக வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியேற்றும் வால்வு) உள்ள ஹவுசிங்கை எடுக்கலாம். வெளி வேஸ்ட்கேட்தான் வேண்டும் என்றால் 1.05 ஹவுசிங். அப்போது ஸ்க்ரோலுக்கு ஒன்றாக இரண்டு வேஸ்ட்கேட் வைக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரோலிலிருந்தும் குழாய் எடுத்து, நடுத்தடுப்பு இல்லாமல் ஒரே வேஸ்ட்கேட்டில் சேர்த்தால், பிரித்த துடிப்புகள் அந்த வழியாகவே மறுபடி கலந்துவிடும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்டுகள் பலவற்றில் இந்தத் தப்பு இருக்கிறது.

இன்னொரு இடம் டி4 கேஸ்கெட். அதன் நடுவில் உள்ள பட்டை மெலிதாக இருந்தால் எரிந்து போகும். டர்போவைக் கழற்றும்போது மேனிஃபோல்ட் ஃபிளாஞ்சின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுச்சுவருக்கும் ஸ்கேலுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் ஃபிளாஞ்ச் வளைந்திருக்கிறது, மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சமமாகச் சீவ வேண்டும். சுவரின் இரண்டு பக்கமும் கரி ஒரே நிறத்தில் படிந்து, உச்சியிலும் கரி இருந்தால் வாயு தாண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

உள் வேஸ்ட்கேட்டின் மூடியை இயக்கும் ஆக்சுவேட்டர் லோ, மீடியம், ஹை என்று மூன்று ஸ்பிரிங் பலத்தில் கிடைக்கும். 1.6 பாருக்கு மேல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் போடும்போதே ஹை கேளுங்கள். பலவீனமான ஸ்பிரிங் என்றால், பூஸ்ட் ஏறிக்கொண்டிருக்கும்போதே எக்ஸாஸ்ட் அழுத்தம் மூடியைத் தள்ளித் திறக்கும். வாயு டர்பைனைத் தொடாமல் வெளியே போகும். ஓட்டுகிறவருக்கு இது அச்சு அசல் லேக் போலவே தெரியும். கண்டுபிடிக்க வழி: பூஸ்ட் 1 பாரைத் தாண்டினால் வெட்டும்படி ஈ.சி.யூ.வில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) வைத்து, வேஸ்ட்கேட் ராடைக் கம்பியால் மூடிக் கட்டி, டைனோவில் (இன்ஜின் சக்தியை அளக்கும் மேடை) ஒரே ஒரு அரைகுறை ஓட்டம். முன்பைவிட 200, 300 ஆர்.பி.எம். சீக்கிரம் பூஸ்ட் வந்தால் குற்றவாளி ஆக்சுவேட்டர்தான். ரோட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பைப்பைச் சுருக்கினால் லேக் போகும் என்பது நீண்டகால நம்பிக்கை. 3 லிட்டர் இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.-இல், பூஸ்ட் இல்லாமலே, நொடிக்குச் சுமார் 75 லிட்டர் காற்றை இழுக்கிறது. பைப், இன்டர்கூலர் எல்லாம் சேர்ந்து 10 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால், அதை 1 பார் வரை நிரப்பக் கூடுதலாக வேண்டியது 10 லிட்டர் காற்று, 0.13 நொடி வேலை. வெட்டி ஒட்டி 3 லிட்டர் குறைத்தால் மிச்சமாவது 0.04 நொடி. அந்தக் கூலியை ஒரு லீக் டெஸ்டுக்குக் கொடுக்கலாம். டர்போ வாயை அடைத்து 1.5 பார் காற்று ஏற்றி, ஒவ்வொரு கிளாம்ப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும்.

மாறாக, டர்பைனுக்கு முன்னால் சூடு வெளியேறாமல் காப்பது பலன் தரும்: மேனிஃபோல்டுக்கு செராமிக் கோட்டிங், ஹவுசிங்குக்கு டர்போ பிளாங்கெட். டர்பைனுக்குப் பின்னால் 3.5 இஞ்சுக்குக் குறையாத பைப். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) விஷயத்தில் 264 டிகிரியே தாராளம். 280 போட்டால் ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) கூடி, டர்போ மிச்சம் பிடித்ததைக் கேம் தின்றுவிடும். 1997-க்குப் பிந்தைய ஜப்பானிய வி.வி.டி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வசதி) ஹெட் கையில் இருந்தால் அதிர்ஷ்டம்தான். நடு ஆர்.பி.எம்.-இல் இன்டேக் கேமை 5 டிகிரி படிகளாக முன்னே தள்ளி, பூஸ்ட் எங்கே சீக்கிரம் வருகிறது என்று லாக் பார்த்து நிறுத்தலாம். இவ்வளவும் ஒழுங்காக அமைந்த 3 லிட்டர் இன்ஜினில், டைனோவில் நான்காவது கியரில் 3,500-க்கும் 4,000-க்கும் இடையில் 1.4 பார் எதிர்பார்க்கலாம். 94 மி.மீ. ஸ்ட்ரோக், 87 மி.மீ. போர் உள்ள 3.4 கிட் போட்டால் இன்னும் கீழேயே வரும்.

குறைகளும் உண்டு. டைட்டானியம் அலுமினைடு லேசானது, ஆனால் அடி தாங்காது. மேனிஃபோல்டுக்குள் ஒட்டியிருந்த வெல்டிங் துணுக்கு ஒன்று கழன்று வந்தாலே இறக்கை நுனி உடையும். மாட்டும் முன் மேனிஃபோல்டின் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் போரோஸ்கோப் (மெல்லிய கேமரா) விட்டுப் பார்ப்பது கட்டாயம். ரேலி பாணியில் மேனிஃபோல்டுக்குள் பெட்ரோலைக் கொளுத்தும் ஆன்டி-லேக்குக்கும் இது சரிப்படாது. அதற்கு மார்-எம் (சூடு தாங்கும் நிக்கல் கலவை) டர்பைன் உள்ள, கேரட் கம்பெனியின் ஜி சீரீஸ் பக்கம் போவது மேல். கியர் மாற்றும்போது இக்னிஷனை மட்டும் 80 மில்லிசெகண்ட் போல வெட்டும் ஃப்ளாட் ஷிஃப்ட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தண்டின் வேகத்தை அளக்கக் கம்ப்ரஸர் கவரில் இடம் விட்டிருக்கிறார்கள், சென்சார் தனி விலை. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்காவது காற்று கசிந்தால் பூஸ்ட் இலக்கை எட்டுவதற்காக ஈ.சி.யூ. டர்போவை மேலும் விரட்டும். பூஸ்ட் மீட்டர் சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும், தண்டு மட்டும் வரம்பைத் தாண்டி ஓடும். சென்சாரை ஈ.சி.யூ.வில் இணைத்து, கம்ப்ரஸர் மேப்பில் (தயாரிப்பாளர் தரும் வேக, அழுத்த வரைபடம்) உள்ள கடைசி வேகக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே கட் வைத்துவிடுங்கள்.