திண்ணையில் மட்டும் கிடைக்கும் சிக்னல்: கொல்லிமலையில் 11 ஆண்டுகள்

எங்கள் வீட்டுத் திண்ணையின் வடகிழக்கு மூலையில் ஒரு மரத்தூண் இருக்கிறது. அதில் தொங்கும் துணிப்பையில் கைப்பேசியைப் போட்டு வைத்தால் அழைப்பு வரும்; எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே பேச்சு அறுந்துவிடும். 2014இல் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பி, மிளகுத் தோட்டத்தையும் ஒரு சிறிய மளிகைக் கடையையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதிலிருந்து 2025 வரை மூன்று நிறுவனங்களின் சிம் அட்டைகளையும் ஆறு கைப்பேசிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரு மேட்டில் நன்றாக எடுக்கும் சிம் அடுத்த பள்ளத்தில் எடுக்காது என்பதால், நான் ஒரு பெயரைப் பரிந்துரைத்தால் அது வேறு ஊர்க்காரர் ஒருவருக்கு வீண் செலவாக முடியக்கூடும்.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் கொல்லிமலை. வெளியூர்க்காரர்கள் மலையுச்சி என்றதும் சிக்னலுக்கு ஏற்ற இடம் என்று நினைப்பார்கள். ஆனால் மலையின் மேற்பரப்பு சமமானதன்று. குன்றும் பள்ளமும் மாறி மாறி வரும், வீடுகள் பெரும்பாலும் தண்ணீர் கிடைக்கும் பள்ளங்களை ஒட்டியே இருக்கும். செம்மேட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊரும் அப்படித்தான். ஊருக்கும் அருகிலுள்ள கைப்பேசிக் கோபுரத்துக்கும் நடுவே ஒரு கரடு, அதாவது சிறு குன்று, நிற்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் வேறொரு சிக்கல். அங்கிருந்து சமவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால், ராசிபுரம் பக்கத்துக் கோபுரங்களின் அலைகள்கூட வந்து விழுகின்றன. திரையில் முழுக் கோடுகள் தெரியும்; அழைத்தால் போகாது. கோபுரம் பேசுவது நமக்குக் கேட்கிறது, நம் கைப்பேசியின் சிறிய சக்தி அத்தனை தூரம் திரும்பிச் சென்று சேர்வதில்லை என்பதே காரணம். சிக்னல் கோடுகளை நம்பக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அந்தக் கரடுதான்.

இந்த 11 ஆண்டுகளில் நான் கண்ட முக்கியமான உண்மை என்னவென்றால், 2ஜி, 3ஜி, 4ஜி என்று வலையமைப்பின் ஒவ்வொரு தலைமுறை மேம்பாடும் எங்கள் ஊருக்கு முதலில் ஓர் இழப்பாகவே வந்து சேர்ந்தது. 2014இல் என்னிடம் இருந்தது பட்டன் போன். அதில் இணையம் கிடையாது. ஆனால் வீட்டின் உள்ளறையிலிருந்தும் பேச முடிந்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய 2ஜி வலையமைப்பில் ஒரு சாதாரணக் கைப்பேசி 2 வாட் வரை சக்தியோடு அலையை அனுப்பும். இன்று நாம் வைத்திருக்கும் 4ஜி கைப்பேசி அனுப்புவது 0.2 வாட் அளவுக்குத்தான். அதோடு, எங்கள் பக்கத்துக் கோபுரத்தில் 4ஜி வந்தது 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் என்பதைக் கைப்பேசியின் சோதனைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அலைவரிசை எண் கூடக்கூட, அலை சுவரையும் மரத்தையும் கரட்டையும் தாண்டும் திறன் குறையும். நகரத்தில் சில நூறு மீட்டருக்கு ஒரு கோபுரம் இருப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. இங்கே பல கிலோமீட்டருக்கு ஒன்று என்று இருக்கையில், அதே கோபுரத்தில் கருவியை மட்டும் மாற்றிவிட்டு மேம்பாடு என்று அறிவித்தால், பழைய எல்லையின் ஓரத்தில் இருந்த வீடுகள் வெளியே தள்ளப்படுகின்றன.

2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபோது நாடு முழுவதும் 4ஜி பற்றிய பேச்சாக இருந்தது. எங்கள் ஊருக்கு நான் வைத்திருந்த சிம்மில் 4ஜி வந்தது 2019இன் கடைசியில். அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் அந்த நிறுவனம் 3ஜியை நிறுத்தியது. 4ஜி வழியே குரல் அழைப்பு தரும் வோல்டி வசதி இல்லாத கைப்பேசிகள், அழைப்பு வரும்போதெல்லாம் 2ஜிக்கு இறங்க வேண்டியிருந்தது. அந்த இறக்கத்துக்குச் சில நொடிகள் ஆகும். சிக்னல் மெலிந்த இடத்தில் அந்த நொடிகளுக்குள் அழைப்பே போய்விடும். ஊரில் பாதிப் பேர் கைப்பேசியை மாற்றினார்கள். மாற்ற முடியாதவர்களுடைய எண்கள் நாளெல்லாம் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' இருந்தன.

இதன் விலை என்ன என்பதை இரண்டு இரவுகளை வைத்துச் சொல்கிறேன். 2017இல் என் தந்தைக்கு நெஞ்சுவலி வந்தபோது, அவருடைய கட்டிலின் பக்கத்தில் அமர்ந்தபடியே பட்டன் போனில் 108ஐ அழைத்தேன். முதல் முயற்சியிலேயே கிடைத்தது. 2022 மழைக்காலத்தில் அடுத்த வீட்டுப் பெரியம்மாவைப் பாம்பு கடித்தபோது, என்னிடம் அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள 4ஜி கைப்பேசி இருந்தது. வீட்டிலிருந்து போகவில்லை, திண்ணையிலிருந்தும் போகவில்லை. அவருடைய மகன் டார்ச் விளக்கோடு கரட்டின் சரிவில் ஏறிப்போய், அங்கிருந்து அழைத்தான். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இருபது நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. அன்று கைப்பேசி தன்னால் தாங்க முடியாத 4ஜி சிக்னலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது என்பதும், அமைப்புகளில் 2ஜி மட்டும் என்று மாற்றியிருந்தால் ஒருவேளை அழைப்பு போயிருக்கலாம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மலை ஊர்களில் இருப்பவர்கள் இந்த அமைப்பு தங்கள் கைப்பேசியில் எங்கே இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அளவுகளைக் குறிக்கத் தொடங்கினேன். கோடுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கைப்பேசியின் அமைப்புகளில் 'சிம் நிலை' என்ற பகுதியில் தெரியும் டெசிபல் எண்ணைக் குறித்தேன். அந்த எண் எப்போதும் மைனஸில் இருக்கும். பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 95 என்றால் எல்லாம் நடக்கும். மைனஸ் 110ஐத் தாண்டினால் காணொளி நிற்கும், மைனஸ் 118க்குப் பிறகு குரலும் தடுமாறும். எங்கள் திண்ணைத் தூணில் வெயில் காலத்தில் மைனஸ் 108, சமையலறையில் மைனஸ் 121, கடையின் கல்லாப்பெட்டி அருகே மைனஸ் 116. மழைக்காலத்தில் இவையெல்லாம் நாலைந்து எண்கள் மோசமாகும். மிளகுக்கொடி ஏற்றுவதற்காக நாங்கள் வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களின் ஈர இலைகள் அலையை உறிஞ்சிவிடுகின்றன. கோபுரத்தை மறைக்கும் கரட்டோடு எங்கள் சொந்த மரங்களும் சேர்ந்துகொள்கின்றன என்பதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது; ஆனால் மிளகு இல்லாமல் எங்களுக்குப் பிழைப்பு இல்லை.

மழைக்காலத்தின் பெரிய தொல்லை மின்சாரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்து மரம் விழுந்தால் மின்சாரம் வர ஒரு நாளுக்கு மேலும் ஆகும். கோபுரத்தின் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும், ஆள் வரவேண்டிய சாலையிலும் மரம் விழுந்து கிடக்கும். என் குறிப்பின்படி 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிக்னலே இல்லாமற்போன நாள்கள் 14. அந்த நாள்களில் நியாயவிலைக் கடையின் விரல்ரேகைக் கருவி வேலை செய்யாது, வங்கியின் ஒருமுறைக் கடவு எண் வராது, என் கடையில் யுபிஐ வழியாகப் பணம் கொடுக்க வந்தவர்களின் பெயரைக் கடன் நோட்டில் எழுதிக்கொள்வேன். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் கைப்பேசிச் செயலியில் படம் எடுத்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. பதிவு போய்ச் சேரவில்லை என்றால் கூலி போய்விடுமோ என்ற பயத்தில் பெண்கள் பணித்தளப் பொறுப்பாளரைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சேவைகளை இணையத்துக்கு மாற்றுகிறவர்கள், அந்த ஊரின் கோபுரத்துக்கு எத்தனை மணி நேர மின்கலம் இருக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.

புகார் கொடுத்த அனுபவம் தனி. நான்கு ஆண்டுகளில் 11 புகார்கள் கொடுத்தேன். பெரும்பாலானவை இரண்டொரு நாளில் 'தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியோடு மூடப்பட்டன. அந்தச் செய்தியைப் படிக்கவே திண்ணைக்கு வர வேண்டியிருந்தது. தொலைபேசியில் பேசிய இளைஞர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்கள் திரையில் எங்கள் ஊர் 'நல்ல சேவை உள்ள பகுதி' என்று தெரிந்ததால் அவர்களால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. மேல்முறையீட்டு அதிகாரிக்கு நோட்டுப் புத்தகத்தின் படங்களோடு எழுதிய பிறகுதான் ஒரு பொறியாளர் நேரில் வந்தார். ஆன்டெனாவின் சாய்வைச் சற்று மாற்றிவிட்டுப் போனார். திண்ணையில் மூன்று எண்கள் முன்னேற்றம் கிடைத்தது. இவ்வளவு எளிய வேலைக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

2024இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த சேவைத்தர விதிமுறைகளின்படி, எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இது நல்ல ஏற்பாடு, முன்பு இதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் அந்த வரைபடத்தில் நிறம் பூசப்பட்டே இருக்கிறது. வெட்டவெளியில் அலை எட்டும் என்ற கணக்கில் வரைந்த படத்தில் சுவரும் கூரையும் மழையும் இருப்பதில்லை. இன்னொரு பழைய குறையும் உண்டு. அழைப்பு அறுந்துபோகும் விகிதம் போன்றவை நெடுங்காலம் தொலைத்தொடர்பு வட்டம் (சேவை உரிமத்துக்காகப் பிரித்த பகுதி) முழுவதற்கும் சராசரியாகவே பார்க்கப்பட்டன. தமிழ்நாடு வட்டம் என்பதற்குள் சென்னையும் கோவையும் இருக்கின்றன. அவற்றின் கோடிக்கணக்கான அழைப்புகளோடு எங்கள் பள்ளத்தின் சில நூறு அழைப்புகளைச் சேர்த்து வகுத்தால் நாங்கள் எங்கே தெரிவோம்?

அரசுத் திட்டங்களிலும் எங்களைப் போன்ற ஊர்கள் இடையில் விழுந்துவிடுகின்றன. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாயில், சேவையே இல்லாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2ஜி அல்லது 3ஜி மட்டுமே இருந்த 6,279 ஊர்களையும் அதில் சேர்த்தார்கள். எதுவுமே இல்லாத ஊர்களுக்கு முன்னுரிமை கொடுத்தது முற்றிலும் நியாயம். ஆனால் எங்கள் ஊரில் திண்ணையில் 4ஜி இருப்பதால், கணக்கில் நாங்கள் சேவை பெற்றவர்கள். அரைகுறைச் சேவை என்ற வகை எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதற்கு உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கரட்டின் மறுபக்கத்துக்கு இறங்கினால் என் கைப்பேசியில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று தெரியும். என் நிறுவனத்தின் சிக்னல் அங்கே இல்லை, வேறொரு நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறது என்பதே அதன் பொருள். 112க்கு அந்த வலையமைப்பு வழிவிடும். என் மகளின் பள்ளிக்கு அழைத்தால் விடாது. 2025 ஜனவரியில் மத்திய அரசு, ஊர்ப்புறத் தொலைத்தொடர்புக்கான அரசு நிதியான டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டப்பட்ட கோபுரங்களை மட்டும் எல்லா நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் 4ஜிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வட்டத்துக்குள் ரோமிங் வசதியைத் தொடங்கியது. ஆள் குறைந்த மலைப்பகுதிகளில் மற்றக் கோபுரங்களுக்கும் இதை விரித்தால், ஒரு புதிய கோபுரம்கூட எழுப்பாமல் எங்கள் ஊரின் பாதி இருட்டு நீங்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது என் 84 நாள் திட்டத்துக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய் கூடியது. நாமக்கல் நகரத்தில் இருப்பவரும் நானும் ஒரே தொகையைக் கட்டுகிறோம். அம்மாவின் பட்டன் போனுக்கு மட்டும் நிம்மதி கிடைத்தது. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, அவர் பயன்படுத்தாத டேட்டாவுக்குப் பணம் கட்டுவது நின்றது.

எனக்கு உண்மையில் உதவியவை இரண்டு. ஒன்று, வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம்கள். மற்றொன்று, 2024இல் வாங்கிய 4ஜி ரூட்டர். கூரைக்கு மேல் இரும்புக் குழாயில் கோபுரத்தை நோக்கிய ஆன்டெனா ஒன்றைக் கட்டி அதோடு இணைத்தேன். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7,000 ரூபாய் ஆயிற்று. கூரை உயரத்தில் மைனஸ் 97 வரை கிடைக்கிறது. அந்த வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதியைக் கைப்பேசியில் இயக்கிய பிறகு, பல ஆண்டுகளுக்குப் பின் சமையலறையிலிருந்து பேச முடிந்தது. சிக்னல் பூஸ்டர் என்ற பெயரில் விற்கப்படும் கருவிகளை மட்டும் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் அவற்றைத் தனிநபர் பொருத்துவது சட்டப்படி குற்றம். அவை கோபுரத்துக்குள் இரைச்சலைத் திணித்து ஊரில் மற்றவர்களின் அழைப்பையும் கெடுக்கும்.

5ஜி 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் தொடங்கியது. அடிவாரத்துக்கு இறங்கும்போது என் கைப்பேசியில் அந்த எழுத்து தோன்றுகிறது, மேலே ஏறியதும் மறைகிறது. எங்கள் கோபுரத்துக்கும் ஒரு நாள் அது வரும். வரும்போது பழையதில் எதை நிறுத்தப்போகிறார்கள், எந்த வீடுகளில் பட்டன் போன் இன்னும் இருக்கிறது என்று கேட்டு, ஊரில் உள்ள 63 வீடுகளிலும் உள்ளறை, திண்ணை இரண்டிலும் அளவெடுத்து வருகிறேன். இதுவரை 41 வீடுகள் முடிந்திருக்கின்றன. மீதி 22 வீடுகள் பள்ளத்தின் கீழ்ப்பக்கம் இருக்கின்றன. மழை விட்டதும் அங்கே போக வேண்டும்.