கீழிருந்தா, மேலிருந்தா?

பள்ளிப் புகைப்படத் திட்டத்துக்கு நண்பர்கள் சேர்ந்து இறங்கினால், கண்மட்டத்தில் படம் எடுப்பது தானாகவே வந்துவிடும். முனைந்து கற்க வேண்டியவை, கீழிருந்து எடுக்கும் கீழ்க்கோணமும் மேலிருந்து எடுக்கும் மேல்கோணமும்தான்.

கீழ்க்கோணத்துக்குச் சட்டை அழுக்காக வேண்டும். கபடி ஆடும் தோழனை மண்ணில் படுத்தபடி எடுத்தால், பின்னாலிருக்கும் சைக்கிள் வரிசையும் குப்பைத் தொட்டியும் மறைந்து வானம் மட்டும் மிஞ்சும். ஆளும் ஓரடி வளர்ந்தவன்போல் தெரிவான். சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. வானத்தின் பிரகாசத்தைக் கணக்கிட்டுக் கேமரா ஒளியைக் குறைத்துவிடும், முகம் கருத்துப்போகும். செல்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைக் கூட்ட வேண்டும். மிகவும் நெருங்கினால் பாதம் பெருத்துத் தலை சிறுக்கும். மூக்குத் துவாரம் தெரியும் முகப்படத்தை எந்தத் தோழியும் மன்னிக்கமாட்டாள்!

மேல்கோணத்துக்கு மாடி வராந்தா போதும். தரையே பின்னணியாவதால் ஆடுகளக் கோடுகளும் மாலை நிழல்களும் படத்துக்குள் வந்துவிடும். கூட்டத்துக்கு ஏற்றது, தனி ஆள் ஒடுங்கிப்போவார்.

1925இல் ரஷ்யப் புகைப்படக் கலைஞர் அலெக்சாந்தர் ரோத்சென்கோ மாஸ்கோ கட்டடமொன்றின் பால்கனிகளைக் கீழிருந்து செங்குத்தாக எடுத்தார். அன்றாடம் பார்க்கும் சுவர் அதில் ஏணிபோல் ஏறுகிறது.

என்னைக் கேட்டால் கீழ்க்கோணத்தில் தொடங்கலாம். மாடியில் பாதி வேலையை இடமே செய்துவிடுகிறது. மண்ணில் படுத்தால் பின்னணி, ஒளி, தூரம் மூன்றையும் நாமே கவனித்தாக வேண்டும். படுத்திருப்பவரை யாரும் மிதித்துவிடாமல் காக்க ஒரு நண்பர் பக்கத்தில் நிற்கட்டும்.