வானத்தில் பார்த்தது என்ன? மொபைலா, கேமராவா, ஆப்பா, அட்லஸா?

உச்சி வெயில் நேரத்தில் வானத்தில் ஒரு வண்ணப் பட்டையைப் பார்த்துவிட்டு "மழையே இல்லாமல் வானவில்" என்று படம் அனுப்புபவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இருக்கிறார்கள். அது வானவில் இல்லை என்பதைப் படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்கு முதன்மை வானவில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், நம் ஊர் ஏப்ரல் மதியத்திலோ சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேரே நிற்கிறது. சரி, பின்னே அது என்ன? அதைச் சொல்ல மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: சூரியனிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, சிவப்பு எந்தப் பக்கம் இருந்தது, அப்போது மணி என்ன. அனுப்பும் படத்தில் பெரும்பாலும் இந்த மூன்றுமே இருக்காது. அழகான படம் மட்டும் போதும் என்றால் கணக்கு வேறு. பார்த்தது என்ன என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்காக, இந்த மூன்றையும் காப்பாற்றுகிறதா என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் இங்கே எடை போடுகிறேன்.

முதலில் மொபைலும் கேமராவும். மொபைல் எப்போதும் கையில் இருக்கிறது என்பது பழைய வாதம், ஆனால் அதைவிடப் பெரிய பலம், படம் எடுத்த நேரத்தையும் இடத்தையும் அது தானாகவே சரியாகக் குறித்துக்கொள்வது. இடம் பதியும் வசதியை மட்டும் அணைத்துவைக்காதீர்கள். இந்த இரண்டும் இருந்தால் ஸ்டெல்லேரியம் மாதிரி இலவச மென்பொருளில் அந்த நிமிடம் சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருந்தது என்று பார்த்துவிடலாம், பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும். கேமராவில் கடிகாரத்தை யாராவது சரியாக வைத்திருந்தால்தான் உண்டு, பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தேதியே மாறிப்போன கேமராக்கள் ஏராளம்.

அகலத்திலும் மொபைல் சளைத்ததில்லை. சூரியனைச் சுற்றி அடிக்கடி தெரியும் ஹாலோ வளையத்தின் ஆரம் 22 டிகிரி, அதாவது இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 44 டிகிரி. இன்றைய மொபைல்களின் சாதாரண லென்ஸில் இது சட்டகத்துக்குள் மட்டுமட்டாக அடங்கிவிடும். 2021 மே 24 அன்று பெங்களூரில் தெரிந்த முழு வளையத்தை மக்கள் மொபைலிலேயே எடுத்துத் தள்ளினார்கள், ஹாலோ என்று அடையாளம் சொல்ல அந்தப் படங்கள் தாராளமாகப் போதும். அதைவிடப் பெரிய வளைவுகளுக்கு 0.5 என்று போட்டிருக்கும் அகல லென்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்.

மொபைல் சறுக்கும் இடம் நிறம். வானம் என்று கண்டுகொண்டதும் நீலத்தை அடர்த்தியாக்கி, மேகத்தின் மெல்லிய இழைகளை வழவழவென்று துடைத்து, கண்ணுக்கு லேசாகத் தெரிந்த ரோஜா நிறத்தைப் பளீரென்று தூக்கிக் காட்டும். பகிர்வதற்கு நன்றாக இருக்கும், அடையாளம் காண உதவாது. காட்சியை மேம்படுத்தும் அமைப்பை அணைத்துவிட்டு, சூரியனுக்குப் பக்கத்து வெளிச்சப் பகுதியை விரலால் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, அப்புறம் வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்தால் மொபைலிலும் நம்பகமான நிறம் கிடைக்கும். சூரியனை ஒரு விளக்குக் கம்பத்தின் உச்சியாலோ மாடிச் சுவரின் ஓரத்தாலோ மறைத்து எடுப்பது இன்னும் நல்லது, இரண்டு லாபம்: படம் வெளுத்துப்போகாது, லென்ஸுக்குள் உண்டாகும் போலி வளையங்களும் புள்ளிகளும் காணாமல் போகும். மறைத்த பிறகும் நிற்பது வானத்தில் இருப்பது.

கேமரா வெல்லும் இடங்களும் உண்டு. மிக மங்கலான வளைவுகளை வெளியே கொண்டுவர 'ரா' கோப்பும் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் மூலப் படம்) முக்காலியும் வேண்டும். பல படங்களை அடுக்கிச் சராசரி எடுத்து, நீல அலைவரிசையிலிருந்து சிவப்பைக் கழித்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத வளைவுகள்கூட எழுந்து வரும், ஹாலோ வேட்டையில் ஊறியவர்கள் செய்வது இதைத்தான். கடலில் சூரியன் எழும்போதோ விழும்போதோ ஒரு கணம் தெரியும் பச்சை ஒளிக்கும், தொலைவில் அலை அலையாகச் சுருளும் மேகத்துக்கும் நீள லென்ஸ் இருந்தால்தான் முடியும். ஆனால் பழைய கண்ணாடி வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து, திரையில் பார்க்கும் மொபைலில் அந்தப் பயம் இல்லை. லென்ஸுக்கு முன்னால் மாட்டித் திருப்பி, ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டும் போலரைசர் பில்டரை மேகத்துக்காக வாங்கச் சொல்பவர்கள் உண்டு. வெள்ளை மேகம் எடுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அகல லென்ஸில் நீல வானம் ஒரு பக்கம் இருண்டு ஒரு பக்கம் வெளுத்துவிடும், தவறான கோணத்தில் திருப்பினால் வானவில்லே மறைந்துவிடும். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

இனி அடையாளம் காண்பது. படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் ஆப்கள் மேகத்தின் பத்து அடிப்படை வகைகளில் பரவாயில்லை ரகம். குவிந்த கியூமுலஸையும் இறகு போன்ற சிரஸையும் பிரித்துவிடும். அரிய காட்சி என்று வந்ததும் தடுமாறும், ஏனென்றால் வெட்டி எடுத்த ஒரு வண்ணத் துண்டில் சூரியன் எங்கே இருந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை. கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இரண்டு படங்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே, ஆப் தவறவிடுவதும் அதைத்தான்.

உதாரணத்துக்கு, மதிய நேரத்து அந்த வண்ணப் பட்டையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பெயர்கள் போட்டியில் இருக்கும். ஒன்று இரிடசென்ஸ், அதாவது ஒரே அளவுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை விளிம்புவிலகச் செய்வதால் (துளியைச் சுற்றி வளைந்து பரவ வைப்பதால்) மேகத்தின் ஓரத்தில் முத்துச்சிப்பி நிறங்கள் தோன்றுவது. இன்னொன்று சர்கம்ஹரைசான்டல் ஆர்க், கிடை வில் என்று வைத்துக்கொள்வோம். உயரத்துச் சிரஸ் மேகத்தில் தட்டையாக மிதக்கும் அறுகோணப் பனிப்படிகங்களின் பக்கவாட்டு முகத்தில் நுழைந்து அடிமுகத்தில் வெளியேறும் ஒளி அது. கையை நேரே நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறக்குறைய 22 டிகிரி. பட்டை சூரியனுக்கு ஒரு சாணுக்குள்ளேயே, பச்சையும் ரோஜாவும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடந்தால் அநேகமாக இரிடசென்ஸ். சூரியனுக்கு நேர் கீழே இரண்டு சாணோ சற்றுக் கூடுதலாகவோ தள்ளி, அடிவானத்துக்கு இணையாக, மேலே சிவப்பும் கீழே நீலமுமாக வரிசை தப்பாமல் இருந்தால் கிடை வில்.

மணி தெரிந்தால் தீர்ப்பு இன்னும் உறுதி. சூரியன் 58 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கிடை வில் உருவாகும். ஹெல்சின்கியில் வருடத்தின் எந்த நாளிலும் சூரியன் அந்த உயரத்தைத் தொடாது, லண்டனில் ஜூனை ஒட்டிய சில வாரங்களின் மதியம் மட்டும். சென்னையில் ஏப்ரல் நடுவில் காலை பத்து மணி சுமாரிலிருந்து மதியம் இரண்டு தாண்டி வரை வாய்ப்பு உண்டு, மார்கழி வாக்கில்தான் கிடையாது. வடக்கே இருப்பவர்கள் ஏங்கும் ஒரு காட்சி நம் தலைக்கு மேல் இத்தனை மாதங்கள் சாத்தியம் என்பது எனக்கு இன்னும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

நிலாவைச் சுற்றிய வளையத்திலும் இதே முறைதான். வளையம் ஒரு சாண் ஆரத்தில் அகலமாக, உள்விளிம்பு சிவந்து இருந்தால் பனிப்படிக ஹாலோ. நிலாவை ஒட்டிச் சின்னதாக, சிவப்பு வெளிப்பக்கம் இருந்தால் நீர்த்துளிகளால் வரும் கரோனா வளையம். "அகல் வட்டம் பகல் மழை" என்று சொன்னவர்களும் வளையத்தின் அகலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

உலக வானிலை அமைப்பின் சர்வதேச மேக அட்லஸ் ஆப்பை விடப் பல மடங்கு மேல். முதல் பதிப்பு 1896-இல் வந்தது, 2017-இலிருந்து இணையத்தில் இலவசம். ஆஸ்பெரிட்டாஸ் என்ற, கலங்கிய கடலைக் கீழேயிருந்து பார்ப்பது போன்ற மேகத்துக்கு அந்த 2017 பதிப்பில்தான் இடம் கிடைத்தது, அதற்காகக் குரல் கொடுத்தது கேவின் பிரெட்டர்-பின்னி தொடங்கிய மேக ரசிகர்கள் சங்கம். சாதாரண ஆட்கள் எடுத்த படங்கள் வகைப்பாட்டையே மாற்றிய கதை அது. அட்லஸின் குறை, தேடத் தொடங்கவே ஓரளவு பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அதனால் மேகத்தின் வடிவத்துக்கு அட்லஸ், ஒளி சார்ந்த காட்சிகளுக்கு லெஸ் கௌலி உருவாக்கிய அட்மாஸ்பெரிக் ஆப்டிக்ஸ் இணையதளம் என்று பிரித்துக்கொள்வேன், பின்னது கோணத்தையும் நிற வரிசையையும் வைத்தே விளக்குகிறது. அனுபவசாலிகளின் குழுக்களில் கேட்பதும் நல்ல வழிதான், பதில் வரத் தாமதமாகலாம், அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குபவர் இப்போதைக்குக் கேமரா வாங்க வேண்டாம். மொபைலில் சூரியனை மறைத்து ஒரு அகலப் படம், வண்ணப் பகுதியைக் கிட்டத்தில் ஒரு படம், நீட்டிய கை விரிந்த நிலையில் ஒரு படம், இந்த மூன்றும் அட்லஸும் போதும். பிறகு வாங்குவதானால் 'ரா' எடுக்கும் பழைய கேமரா ஒன்றும் அகல லென்ஸும் முதலில், நீள லென்ஸ் கடைசியில். வாங்கிய அன்றே கடிகாரத்தைச் சரியாக வைத்துவிடுங்கள்.