டிராகன் யென்னா, வணிக டாலரா?

மெய்ஜி ஆட்சி தொடங்கிய காலத்து ஜப்பான் வெள்ளியில் எதைத் தேடிப் பிடிப்பது? என் கண் மூன்றின் மேல்தான்: புழக்கத்துக்கே வராத மாதிரிக் காசு, 1870-ஐக் குறிக்கும் மெய்ஜி 3-ம் ஆண்டு பொறித்த வெள்ளி யென், 1875 முதல் 1877 வரை வெளிநாட்டு வியாபாரத்துக்கென அடித்த வணிக டாலர்.

மவுசு என்றால் மாதிரிக் காசுக்குத்தான். வாளின் கைக்காப்பு போன்றவற்றில் நுணுக்க வேலை செய்துவந்த கானோ நட்சுவோவிடம் 1869-ல் மாதிரி கேட்டார்கள். காசு அடிக்கும் அச்சை இங்கிலாந்தில் வெட்டிக்கொள்ளலாம் என்பது முதல் எண்ணம். அவர் கைவேலையைப் பார்த்ததும் அச்சு வேலையும் அவரிடமே வந்தது. பேரரசரின் முகத்தைக் காசில் போடுவது மரியாதை இல்லை என்பதால் டிராகன் வந்தது.

சரி, மாதிரிக் காசு நம் கைக்கு எங்கே எட்டப்போகிறது? அதே கை வெட்டிய டிராகன்தான் 1870 யென்னிலும் இருக்கிறது. லென்ஸை வைத்தால் செதில் செதிலாக எண்ணலாம். காசில் 1870 என்று இருந்தாலும், மூடிப்போன ஹாங்காங் நாணயச் சாலையின் இயந்திரங்களை வாங்கி, 1871-ல் ஒசாகாவில் திறந்த நாணயச் சாலையில் அடித்தது. அழகுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்த ஆண்டே ஜப்பான் பணத்துக்குத் தங்கம் அடிப்படையாகிவிட, வெள்ளி யென் துறைமுக வியாபாரத்துக்கான காசானது. அங்கேதான் சிக்கல்: அதில் ஒரு ஆங்கில எழுத்துகூட இல்லை. வெளிநாட்டு வியாபாரி எதைப் படித்து நம்புவான்?

வணிக டாலரில் அந்தச் சிக்கல் இல்லை. எடை 420 கிரெய்ன் (பழைய ஆங்கில எடை அளவு), நயம் 900, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி என்று ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டார்கள். மெக்சிகோ வெள்ளி டாலரைச் சீனக் கரையில் ஓரங்கட்டுவதுதான் கணக்கு. யென் 26.96 கிராம், இது 27.22. கால் கிராம் வெள்ளி கூடுதல்! அதே மதிப்புக்குச் செலவழிப்பதைவிட உருக்குவதே லாபம். கடைசியில் யென்னின் பழைய எடையான 416 கிரெய்னுக்கே திரும்பினார்கள்.

போலிகள் ஏராளம் என்பதால் தராசு இல்லாமல் இரண்டையும் வாங்க வேண்டாம். கண்ணுக்கு யென், என் காசுக்கு வணிக டாலர். அதிலும் சீன வியாபாரிகள் சோதித்து முத்திரை குத்திய காசு. சேகரிப்பவர்கள் பலர் அதைக் குறை என்று தள்ளுவார்கள். எனக்கு அதுதான் வேண்டும், விலையும் குறைவு.